சாக்பீஸ் சோபா

மனிதர்களில் ‘அப்புறக்காரர்’ என்று ஓர் இனம் இருக்கிறது. காடு மேடெல்லாம் தேட வேண்டாம். உங்கள் மாடிப்படியிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். வாடகை வீட்டில் இருக்கும்வரை இவரை அடையாளம் காண முடியாது. உங்களைப் போலவே சாப்பிடுவார், என்னைப் போலவே குறட்டை விடுவார். சொந்த வீட்டுச் சாவி கைக்கு வந்த மறுநாள்தான் குணம் வெளியே தெரியும். சட்டைப் பையில் பேனா இருந்த இடத்தில் இஞ்சு டேப் இருக்கும். எந்த அறைக்குள் போனாலும் சுவரைத் தட்டிப் பார்த்து, மூலையை முறைத்து, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்து, டேப்பை நீட்டி, சுருட்டி, மறுபடி நீட்டி அளப்பார். அளந்தாயிற்று, இனி வாங்க வேண்டியதுதானே என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அவர் படமாட்டார்.

எனக்கு இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு தெரிவதற்குக் காரணம், அதில் ஒருவருக்குத்தான் என் தங்கையைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை தங்கமானவர். கட்டடப் பொறியாளர் ஒருவரின் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறார். இருந்ததையெல்லாம் வழித்துத் துடைத்துப் போட்டு, மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை உள்ள ஒரு வீட்டை வாங்கினார். வீட்டுக்குள் சாமான் வாங்கக் கையில் மிஞ்சியது கொஞ்சம்தான், அதனால் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அவர் யோசிக்க ஆரம்பித்துப் பதினோரு மாதம் ஆகிறது.

கட்டில்? அப்புறம். திரைச்சீலை? அப்புறம். விளக்குக்கு ஒரு மூடி? அதெல்லாம் கடைசியாக, எல்லாவற்றுக்கும் அப்புறம்.

இவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனுக்குச் செலவு செய்ய மனசு வராது. இவருக்கு மனசு வந்து வாசலிலேயே நிற்கும், வேளைதான் வராது. விலை விஷயத்தில் அவருக்கென்று ஒரு சாஸ்திரமே உண்டு. ஒரு சோபாவின் விலை ஏறினால், “ஏத்திட்டான்ல, அவனே இறக்குவான், பொறுங்க” என்பார். இறங்கினால், “இப்பத்தான் இறங்க ஆரம்பிச்சிருக்கு, இன்னும் இறங்கும்” என்பார். ஏறாமலும் இறங்காமலும் நின்றால், “அசையாம நிக்குது பாருங்க மச்சான், சீக்கிரம் விழப்போகுது” என்று என் காதைக் கடிப்பார். சரி, பாதி விலைக்கு விழுந்தே விட்டது, அப்போது? முகம் இருண்டுவிடும். “இவ்வளவு குறைச்சுக் குடுக்கிறான்னா உள்ளே என்னவோ கோளாறு இருக்கு.” இப்படி நாலு பக்கமும் அடைத்துவிட்டால் சோபா எந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வரும், சொல்லுங்கள்.

ஆனாலும் என் தங்கை குடும்பம் சோபா சுகத்தை அறியாத குடும்பம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூன்று பேரும் மெத்தென்ற சோபாவில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, அந்த வாரத்துக் கதையையெல்லாம் பேசி முடிப்பார்கள். கடையில்தான். ஆறு வயது மகள் தன் வீட்டுப்பாடத்தைக்கூட அங்கேயே ஒரு சாப்பாட்டு மேஜையில் எழுதி முடித்திருக்கிறாள். கடைக்காரர் முதலில் ஓடி வந்து வரவேற்றார், பிறகு நடந்து வந்தார், இப்போது இருந்த இடத்திலிருந்தே மின்விசிறியைப் போட்டுவிடுகிறார்.

வீட்டுக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். தரையில் விரித்த மெத்தை, பாத்ரூமிலிருந்து கூடத்துக்குப் பதவி உயர்வு பெற்ற ஒரு பிளாஸ்டிக் முக்காலி, டிவி வந்த அட்டைப் பெட்டி மேல் அதே டிவி. மாடிப்படிப் பக்கத்து ஜன்னலுக்குத் திரைக்குப் பதிலாகச் செய்தித்தாளை ஒட்டியிருக்கிறார். படியேறிப் போகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். மேல்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருநாள் கதவைத் தட்டி, “சார், குறுக்கெழுத்து முடிச்சிட்டேன். அடுத்ததை எப்ப ஒட்டுவீங்க?” என்று மரியாதையாகவே கேட்டிருக்கிறார்.

இவற்றையெல்லாம்கூட விட்டுவிடலாம். முதல் தடவை நான் அந்த வீட்டுக்குப் போனபோது, செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் இரண்டடி வைத்தேன். “மச்சான்! பார்த்து!” என்று ஓர் அலறல். பாம்போ பல்லியோ என்று துள்ளினேன்.

“டீப்பாய் மேல நிக்கிறீங்க” என்றார் மாப்பிள்ளை.

குனிந்து பார்த்தேன். சிமெண்டுத் தரையில் (டைல்ஸ் அப்புறம்) நீல சாக்பீஸால் கச்சிதமாக ஒரு நீள்சதுரம். அதற்குப் பின்னால் மூன்று பேர் உட்காரும் சோபா, கைப்பிடி கனத்தோடு. சுவரோரம் புத்தக அலமாரி. அந்தப் பக்கம் சாப்பாட்டு மேஜை, நாலு நாற்காலி, நாற்காலியைப் பின்னால் இழுத்தால் எவ்வளவு இடம் அடைக்கும் என்பதற்குப் புள்ளிக்கோடு. படுக்கையறையில் பீரோ, பீரோக் கதவு திறக்கும் வளைவு. அவருடைய அலுவலகத்தில் எந்தக் கட்டடத்தையும் கோடு போட்டுத்தான் கட்டுவார்கள். இவர் வீட்டிலும் அதேதான், கட்டுவது மட்டும் பாக்கி.

“போட்டுப் பார்த்துட்டா அப்புறம் இடிக்கல, முட்டலன்னு குறையே வராது பாருங்க” என்றார் பெருமையாக.

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. அந்த வீட்டில் மூன்று பேரும் கோட்டைச் சுற்றித்தான் நடந்தார்கள். என் தங்கை காபியை எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து நேரே வராமல், இல்லாத மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி, இல்லாத அலமாரிக்கும் இல்லாத சோபாவுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து வந்தாள். துடைக்கும்போது கோடு அழிந்துபோனால் அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் டேப் வைத்து மறுபடி போடுவாராம். ஒருமுறை அவள் துணியைச் சற்றே அழுத்தித் துடைத்ததில் சோபா அரையடி நகர்ந்துவிட்டது என்று இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இப்படியே போயிருந்தால் எனக்கும் சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் அப்பாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். முப்பத்திரண்டு வருஷம் ஓடும் வண்டியில் நின்று நின்று தேய்ந்த முழங்கால் அது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: தரையில் உட்காரவே கூடாது, உயரமான கட்டில் வேண்டும், கைப்பிடி வைத்த நாற்காலி வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, அப்பா முதல்ல என் வீட்டுக்குத்தான் வரணும். வாடகை வீட்டுல ஒண்டிக்கிட்டு இருந்தப்போ ஒரு ராத்திரிகூட அவரைத் தங்க வைக்க முடியல. இப்ப எனக்குன்னு ஒரு வீடு இருக்கு.”

“வீடு இருக்கு, சரி. அப்பா எதுல உட்காருவாரு?”

மாப்பிள்ளைதான் முன்னால் வந்தார். “வெள்ளிக்கிழமைதானே மச்சான் டிஸ்சார்ஜ்? வியாழக்கிழமைக்குள்ள கட்டிலும் நாற்காலியும் வந்துரும். என் பொறுப்பு.” சத்தியமே செய்வார் போலிருந்தது. நானும் கறாராகச் சொன்னேன்: வந்திருந்தால் அப்பா உங்கள் வீட்டுக்கு, வராவிட்டால் என் வீட்டுக்கு.

வியாழக்கிழமை மாலை கடையில் நடந்ததைத் தங்கை பிறகு சொன்னாள். நாற்காலி, கட்டில் இரண்டும் பிடித்துவிட்டன. டேப் வைத்து அளந்தாயிற்று, கோட்டுக்குள் அடங்குகிறது. மாப்பிள்ளை வழக்கம்போல வாய்க்கு வந்த ஒரு விலையைக் கேட்டார். பதினோரு மாதம் இவரைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப் போயிருந்த கடைக்காரர், “எடுத்துக்குங்க சார்” என்றுவிட்டார். அவ்வளவுதான். மாப்பிள்ளைக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து நாலு காலையும் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை, அதுதான் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. “ரெண்டு நாள் போகட்டும், அப்புறம் வர்றேன்” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டார். தங்கை வீட்டுக்கு வந்து எனக்குப் போன் செய்தாள். “அப்பாவை உன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடு அண்ணா” என்று சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

ஆனால் வெள்ளிக்கிழமை காரில் ஏறியதும் அப்பா அடம்பிடித்தார். “பொண்ணு கூப்பிட்டா, போறேன். வண்டியை அங்கே விடு.” நாற்காலிகூட இல்லை என்றேன். “உன் வீட்டுக்கு நான் வரல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் இத்தனை வீம்பு என்று எனக்குப் புரியவில்லை. வேறு வழியில்லாமல் அங்கேயே அழைத்துப் போனேன். நல்லவேளை, கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது; அதை மாப்பிள்ளை வாங்க வேண்டியிருக்கவில்லை.

நடக்க உதவும் வாக்கர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்பா மெல்ல உள்ளே வந்தார். மாப்பிள்ளை பதறி எழுந்து, உண்மையான பாசத்தோடு, இரண்டு கையையும் நீட்டி, “வாங்க மாமா, வாங்க. உட்காருங்க” என்றார்.

அவர் காட்டிய இடத்தில் நீலக் கோட்டில் சோபா இருந்தது.

கேலிக்குச் சொன்னதல்ல, ஐயா. பதினோரு மாதப் பழக்கம். கை தானாகப் போய்விட்டது. அப்பா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பேத்தி ஓடி வந்து, “தாத்தா, கோட்டை மிதிச்சிடாதீங்க, அப்பா திட்டுவாங்க” என்றாள். அப்பா சட்டத்தை அரையடி பின்னால் நகர்த்தி வைத்தார்.

“இடமில்லாத வண்டியில யாரையும் உட்காருங்கன்னு நான் சொன்னதில்ல மாப்பிள்ளை” என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். “நான் நின்னுக்கிறேன். எனக்குப் பழக்கம்தான்.”

அப்பா வந்த சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மேல்வீட்டுத் தபால்காரர் தன் மர நாற்காலியைத் தோளில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அப்பா உட்கார்ந்தார். சமையலறை வாசலில் நின்ற தங்கை, புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். “என் வீட்டுக்கு முத முதலா வந்த அப்பாவை இரவல் நாற்காலியில உட்கார வெச்சுட்டேனே” என்றாள்.

மாப்பிள்ளை டேப்பை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் லிஃப்ட் திறந்தது. முதலில் கைப்பிடி நாற்காலி, பிறகு கட்டிலின் கால்கள், பிறகு பலகைகள், கடைசியில் சட்டையெல்லாம் தூசியாக அவர்.

“விலை பேசினீங்களா மாப்பிள்ளை?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“கேக்கவே இல்ல மச்சான்” என்றார். சொல்லும்போது அவருக்கே உடம்பு ஒருமுறை நடுங்கியது. கடைக்காரர் பயந்துபோய், யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தாராம்.

சாயங்காலம் அப்பா புது நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் கைப்பிடி மேல் வைத்து, ராஜா மாதிரி டீ குடித்துக்கொண்டிருந்தார். தங்கை காலடியில் உட்கார்ந்து அவர் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்; அவள் முகத்தில் அத்தனை நிறைவை நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

“பத்து நாள் போகட்டும்ப்பா, அப்புறம் நம்ம வீட்டுக்கு வாங்க. சோபா, கட்டில் எல்லாம் இருக்கு” என்றேன்.

“இருக்கு, யாரு இல்லேன்னா? ஆனா உன் சோபாவில உட்கார்ந்தா முதுகு வேர்த்து ஒட்டிக்குது. எழுந்திருச்சா அதுவும் கூடவே எழுந்து வருது. வாங்கி ஏழு வருஷம் ஆச்சு. அந்தப் பிளாஸ்டிக் உறையை எப்படா கழட்டுவன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

மாப்பிள்ளைதான் பதிலைச் சொன்னார், அன்று முதல்முறையாகச் சிரித்தபடி. அதே ஒரு சொல்தான். தங்கை சிரித்தாள், குழந்தை சிரித்தாள், தபால்காரர் நாற்காலியை எடுத்துப் போக வந்தவர், விஷயம் புரியாமலே சிரித்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். அது நாங்கள் எங்கள் முதல் வீட்டுக்கு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய முதல் சோபா. உறையைக் கழற்றினால் அழுக்காகிவிடாதா? வெளிர் நிறம் வேறு. நல்ல விருந்தாளி யாராவது வரும்போது கழற்றலாம் என்று வைத்திருக்கிறேன், அப்பா வந்தபோது அது தோன்றவில்லை, அவ்வளவுதான். இதெல்லாம் உங்களுக்குப் புரியாமல் இருக்காது. இத்தனை நேரமும் வசதியாக உட்கார்ந்துதானே படித்தீர்கள்? எங்கே, கொஞ்சம் அசைந்து உட்காருங்கள்.

சரசரவென்று ஏதாவது கேட்கிறதா?