மொட்டை பாட்டில்

"இனிமே இந்த வீட்டுக்குள்ள எது வந்தாலும் லேபிளைப் படிச்சுட்டுத்தான் வரும்" என்று என் வீட்டுக்காரர் ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் அறிவித்தார். வாயில் பிரஷ் இருந்ததால் அறிவிப்பில் பாதி நுரை.

விஷயம் இதுதான். அவர் வேலை செய்கிற கம்பெனி, தரை துடைக்கிற திரவமும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் தயாரிக்கிறது. இவர் சரக்குக் கிடங்கில் மேற்பார்வை. குழந்தை எழுந்திருக்கும் முன்னே போவார். அவள் தூங்கின பிறகு வருவார். ஒன்றரை வயது மகளுக்கு அப்பா என்றால் கதவில் தொங்குகிற சட்டைதான். தினமும் சட்டைக்கு டாட்டா காட்டுவாள்.

இப்போது லேபிள் பிரிவில் தலைமை இடம் காலி. பாட்டிலில் என்ன எழுதுவது என்று முடிவு செய்கிற வேலை. சாயங்காலமே வீடு வந்துவிடலாம்.

"அது கிடைச்சா, குட்டி முழிச்சிருக்கும்போது அவளைப் பார்க்கலாம்" என்றார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அதனால்தான் அடுத்து நடந்த கூத்துக்கெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முதலாளியை எல்லோரும் பெரியவர் என்பார்கள். வைன் என்றால் அவருக்கு உயிர். சனிக்கிழமை வீட்டில் விருந்து வைக்கிறார். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டு வரவேண்டும். ஏன் இதை எடுத்தாய் என்று ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துக் கேட்பாராம். "நம்ம லேபிளை ஒருத்தரும் கடைசி வரி வரைக்கும் படிக்கிறதில்லை" என்பது அவருடைய தீராத குறை. ஆகவே லேபிள் படிக்கத் தெரிந்தவனுக்கே லேபிள் பிரிவு என்று என் வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற மனிதர். ஆனால் படிப்பு என்று உட்கார்ந்துவிட்டால் அவரை யாராலும் அசைக்க முடியாது. வைன் லேபிளைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கி பஸ்ஸில் படித்தார். தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துப் படித்தார். வியாழக்கிழமைக்குள் எனக்குப் பாடம் எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

"முன்பக்கம் கோட்டைப் படம் இருந்தா மயங்கக் கூடாது. அந்தக் கோட்டையில ஒருத்தரும் குடியிருக்க மாட்டாங்க."

"சரிங்க."

"நாட்டுப் பேரு மட்டும் போட்டிருந்தா சுமார். ஊர்ப் பேரு போட்டிருந்தா நல்லது. திராட்சைத் தோட்டத்துப் பேரே போட்டிருந்தா கண்ணை மூடிட்டு எடுக்கலாம்."

"கண்ணை மூடிட்டா எப்படிங்க படிக்கிறது?"

"குறுக்க பேசாத. திராட்சை விளைவிச்சவரே பாட்டில்லயும் அடைச்சாரா, அதான் முக்கியம். அதைப் பின்பக்கம் பொடி எழுத்துல போட்டிருப்பான்."

இது எனக்கு உடனே புரிந்தது. பால்மாவு டப்பாவிலும் அப்படித்தான். முன்பக்கம் ஒரு கொழுகொழு குழந்தை சிரிக்கும். சர்க்கரை எவ்வளவு என்பது பின்பக்கம் எறும்பு சைஸில் இருக்கும்.

இத்தனை லேபிள் பேச்சும் எங்கள் வீட்டில் நடந்ததுதான் வேடிக்கை. எங்கள் வீட்டில் லேபிளே கிடையாது. குட்டி கையில் கிடைத்ததையெல்லாம் உரித்துவிடுவாள். ஒரு மூலையைச் சுண்டு விரல் நகத்தால் கிளப்பி, கிழியாமல் முழுசாக இழுப்பாள். அந்த நேர்த்தியை இரண்டு பேருமாக உட்கார்ந்து ரசித்த நாட்கள் உண்டு. சமையலறை அலமாரியில் எல்லா டப்பாவும் மொட்டை. நான் காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்ப்பேன். சளக் என்றால் தக்காளி. கடகட என்றால் பட்டாணி. டொக் என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் அன்னாசிப் பழம்.

சனிக்கிழமை காலை வைன் கடைக்குப் போனோம். ஒன்றரை மணி நேரம். குனிந்து, நிமிர்ந்து, முழங்காலில் நின்று ஒவ்வொரு பாட்டிலையும் முன்னும் பின்னும் படித்தார். கடைக்காரம்மா எனக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார்.

"இவர் வாங்குவாரா, இல்லை பரீட்சைக்குப் படிக்கிறாரா?"

"பரீட்சைதாங்க. இன்னிக்குச் சாயங்காலம்."

கடைசியில் வெள்ளைக் காகிதம் ஒட்டின, படமே இல்லாத ஒரு பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கடைக்காரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "இதை விவரம் தெரிஞ்சவங்கதான் எடுப்பாங்க" என்றார். என் வீட்டுக்காரருக்குத் தலை கூரையில் இடித்தது. எனக்கும் பெருமைதான். பொய் சொல்வானேன்.

வீட்டுக்கு வந்ததும் சோபாவில் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச்சை ஒத்திகை பார்த்தார். குட்டி காலடியில் உட்கார்ந்து கேட்டாள். அப்படி அமைதியாக அவள் உட்கார்ந்ததே எங்களுக்கு எச்சரிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். இவர் கண்ணை மூடி மனப்பாடமாகச் சொல்லி முடித்துத் திறந்தபோது, முன் லேபிள் குட்டியின் நெற்றியில் ஒட்டியிருந்தது, முதல் முறையாகச் சுக்கலாக. பின் லேபிளைக் காணோம். அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"ஒரு வாரம் படிச்சேன்மா" என்றார். மொட்டை பாட்டிலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"வேற வாங்கலாமா?"

"கடையை மத்தியானத்தோட மூடிட்டாங்க. எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு."

"காய்ச்சலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க போய்க் குளிங்க. நான் ஒட்டி வைக்கிறேன்."

"கிழிஞ்சதையா?"

"குளிங்கன்னா குளிங்க."

அவர் குளித்துவிட்டு வந்தபோது பாட்டில் பளபளப்புத் தாளுக்குள் இருந்தது. பிரிக்கக் கூடாது, பசை காயவில்லை என்றேன். பசை காயாதது நிஜம்தான். நான் ஒட்டினது எது என்று அவர் கேட்கவில்லை.

குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால், தூங்கின குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் போனேன். பெரியவர் வீட்டு மேஜையில் பாட்டில்கள் கோட்டை கோட்டையாக வரிசை கட்டி நின்றன. ஒரு பாட்டிலில் நான்கு தங்க முத்திரை. இவர் முறை வந்தது. பெரியவர் தாளைப் பிரித்தார். கோடு போட்ட நோட்டுத் தாளில் என் கையெழுத்து. என் வீட்டுக்காரர் முகம் தாளை விட வெளுத்தது.

பெரியவர் உரக்கப் படித்தார்.

"இது சிவப்பு வைன். முன் லேபிளை எங்கள் மகள் உரித்துவிட்டாள். பின் லேபிளைத் தின்றுவிட்டாள். மகள் நலம். அதில் இருந்தது முழுவதும் என் வீட்டுக்காரருக்கு மனப்பாடம், அவரைக் கேட்கவும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். நாங்கள் வைக்கவில்லை."

பிறகு பெரியவர், "சொல்லுப்பா" என்றார்.

சொன்னார் பாருங்கள். தோட்டத்தின் பெயர், ஊர், வருஷம், விளைவித்தவரே அடைத்தது, ஆல்கஹால் எத்தனை சதவீதம், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். பெரியவர் தக்கையை இழுத்து வெளியே எடுத்து விளக்கில் காட்டிப் பார்த்தார். தக்கையின் உடம்பிலும் தோட்டத்தின் பெயரும் வருஷமும் அச்சடித்திருந்தது. குட்டி கைக்கு எட்டாத லேபிள் அது ஒன்றுதான். இவர் சொன்னதில் ஓர் எழுத்து பிசகவில்லை. பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். என் வீட்டுக்காரரை நான் அன்றைக்குப் பார்த்த மாதிரி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"லேபிள் பிரிவுக்கு ஆள் கிடைச்சாச்சு" என்றார் பெரியவர்.

இவர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

"முப்பது வருஷத்துல நான் கடைசி வரி வரைக்கும் படிச்ச லேபிள் இதுதான்" என்று பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, திங்கட்கிழமை வர முடியுமா?"

"குழந்தை இருக்கே சார்" என்றேன்.

"அதனால என்ன? காலையில நீங்க வாங்க. மத்தியானத்துக்கு மேல இவர் கிடங்குக்கு வரட்டும். அதுவரைக்கும் குழந்தையை இவர் பார்த்துக்கட்டும்."

வீடு திரும்பும்போது குட்டியை இவர் வாங்கித் தூக்கிக்கொண்டார். தெருமுனை வந்ததும், "நல்லாத்தான் எழுதியிருக்க. 'நாங்கள் வைக்கவில்லை'ன்னு முடிச்ச பாரு, அது எனக்குத் தோணியிருக்காது" என்றார். அவர் மனசு அப்படி.

மூன்று வாரம் ஆகிறது. குட்டி இப்போது சட்டைக்கு டாட்டா காட்டுவதில்லை. அவள் முழித்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்றவர், தினமும் காலையில் எனக்குப் போன் போட்டு, இவள் எத்தனை மணிக்குத் தூங்குவாள் என்று கேட்கிறார்.