பின்னம் சார் வாங்கிய தொண்ணூற்றெட்டு

நூற்றுக்குப் பதினொன்று.

பாட்டு டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பெட்டியின் திரையில் அப்போதும் பதினொன்றுதான். கண்ணாடி மேல் குற்றமில்லை என்று தெரிந்தது.

"டீச்சர், அது நூத்துக்கா, இருபதுக்கா?" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் நம்பிக்கையோடு கேட்டது.

"நூத்துக்குத்தான்."

ஐந்தாம் வகுப்பின் முப்பத்தாறு பிள்ளைகளும் ஒரே மூச்சில் "அய்யோ" என்றார்கள். நல்ல சுருதியில் வந்த அய்யோ. பெட்டி அதற்கு ஒன்பது கொடுத்தது.

பெட்டி வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் நவீனக் கருவி ஒன்று வருகிறது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. கடிதத்தின் பின்னாலேயே டெலிவரிக்காரர் வந்தார். வண்டியில் இதே மாதிரி இன்னும் நாலைந்து அட்டைப்பெட்டிகள் கிடந்தன. இன்ஜினைக்கூட அணைக்காமல், ஒன்றை உருவிக் கையில் திணித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு பறந்துவிட்டார்.

கூட இருந்த விளக்கப் புத்தகம் என்ன மொழி என்று ஆசிரியர் அறையில் ஒரு மதியம் முழுக்க விவாதம் நடந்தது. மொழி பிடிபடவில்லை, எல்லோருடைய சாப்பாடும் ஆறிப்போனதுதான் மிச்சம். ஆனால் படங்கள் தெளிவாக இருந்தன. பெட்டியின் முன்னால் ஒரு பெண் வாயைத் திறக்கிறாள். திரையில் மதிப்பெண் ஓடுகிறது. மதிப்பெண்ணுக்கு மேலே உருண்டையாக ஒரு பொம்மை முகம். மதிப்பெண் ஏற ஏற, அந்த முகம் மெல்லச் சிரித்துக் கண்ணை மூடிக்கொள்கிறது.

"பாத்தீங்களா, பாட்டு நல்லா இருந்தா மெய்மறந்து கேக்குமாம்," என்று தலைமையாசிரியை விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல பாட்டு என்றால் கண் தானாக மூடும் என்பது பாட்டே தெரியாதவர்களுக்கும் தெரிந்த விஷயம்.

பாட்டு டீச்சரின் வகுப்பைக் கேட்டு அந்த முகம் கண்ணை மூடவில்லை. விழி பிதுங்க முறைத்துக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வர்றார்," என்று தலைமையாசிரியை ஏற்கெனவே சொல்லியிருந்தார். "அறுபதாச்சும் காட்டணும் டீச்சர். காட்டலேன்னா பாட்டு பீரியடை எடுத்துக் கணக்குக்குக் குடுத்துடச் சொல்றாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

கணக்கு வாத்தியார் அதைக் கேட்டுக்கொண்டே நின்றிருந்தார். பள்ளிக்கூடம் முழுவதும் அவருக்குப் 'பின்னம் சார்' என்று பெயர். மூன்று வருடமாகப் பின்னத்தையே நடத்திக்கொண்டிருக்கிறார், இன்னும் முடியவில்லை. பாட்டு பீரியட் கிடைத்தால் முடித்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினொன்றை அறுபதாக்க வேண்டும். இன்று செவ்வாய்.

"ஃபேன் சத்தம் இடைஞ்சலா இருக்கு," என்று டீச்சர் முடிவு கட்டினார். ஃபேனை நிறுத்தினார்கள். பாடினார்கள். ஏழு.

"தாளம் பத்தலையோ என்னவோ. கை தட்டிப் பாடுங்க."

தட்டினார்கள். மூன்று.

டீச்சர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். மூன்றாம் பெஞ்சில் ஒரு சிறுமி இருந்தாள். வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் சைரன். அவள் வாயைத் திறந்தால் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருக்கும் புறா எழுந்து நின்று கேட்கும் என்று பேச்சு.

"நீ தனியா பாடு கண்ணு. மழைப் பாட்டு."

மழைப் பாட்டு டீச்சரே மெட்டுப் போட்டது. 'குடையை வீசு, குதிச்சு ஓடு' என்று தொடங்கும். சைரன் எழுந்து, பின்னலைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, முழுத் தொண்டையில் எடுத்தாள். புறாவுக்கு என்ன ஆனதோ, பெட்டி சிவந்துபோய் 'டொய்ங் டொய்ங்' என்று அலறியது.

பூஜ்யம்.

சைரன் உட்கார்ந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. வகுப்பில் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அந்த நிசப்தத்தில், இரண்டு வகுப்புக்கும் நடுவிலிருந்த பலகைத் தடுப்பைத் தாண்டிப் பின்னம் சாரின் குரல் வந்தது.

"மூணுல ரெண்டு பங்கும்... ஆறுல நாலு பங்கும்... ஒண்ணுதான். ஆறுல நாலும்... ஒன்பதுல ஆறும்... ஒண்ணுதான்..."

"டீச்சர்! பெட்டியப் பாருங்க!"

இருபது. நாற்பத்தைந்து. எழுபது. பொம்மை முகம் சிரித்தது. இமை இறங்கியது. தொண்ணூற்றாறில் கண்ணை மூடிக்கொண்டது.

விஷயம் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. பின்னம் சார் நேரில் வந்து திரையைப் பார்த்தார். அடக்கமாகத்தான் பேசினார்.

"நான் பாடக்கூட இல்ல டீச்சர். சும்மா கணக்குதான் போட்டுட்டு இருந்தேன். பாடியிருந்தா என்ன ஆயிருக்குமோ?"

"என்ன ஆயிருக்கும் சார்?"

"பெட்டி தாங்கியிருக்காது."

மறுநாள் அவர் கழுத்தில் மப்ளரோடு வந்தார். தொண்டைக்குக் காற்று ஆகாதாம். வராந்தாவில் யாராவது வணக்கம் சொன்னால் பதில் பேசாமல் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

பாட்டு டீச்சர் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனார். கூடத்து மேசையில் வைத்து, பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொடுத்த பாட்டெல்லாம் பாடிப் பார்த்தார். எட்டு. ஐந்து. எட்டு.

அவர் கணவர் ஒரு மூலையில் உட்கார்ந்து, புதிதாக எடுத்த இன்சூரன்ஸ் பாலிசியின் விதிமுறைகளை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். எதையும் வாய்விட்டு வாசித்தால்தான் அவருக்கு ஏறும்.

"...மேற்கண்ட பிரிவின் உட்பிரிவு நான்கில் குறிப்பிடப்பட்ட நபர் அல்லது அந்த நபரின் சார்பாக..."

டீச்சர் பாட்டை நிறுத்தித் திரையைப் பார்த்தார். எண்பத்தொன்பது.

"ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க."

"ஏம்மா, நல்லாத்தானே போயிட்டிருக்கு?"

"அதான் எனக்கும் புரியல. உங்களுக்கு எண்பத்தொன்பது. நான் பாட்டு படிச்சவ, எனக்கு எட்டு!"

கணவர் எழுந்து வந்து பொம்மை முகத்தை உற்றுப் பார்த்தார். "சின்ன வயசுலயே எங்க மாமா சொன்னாரு, உன் குரல்ல என்னமோ இருக்குடான்னு. நான்தான் கண்டுக்கல," என்றார். டீச்சர் சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைத்தார். பெட்டி அதற்கு ஒன்று கொடுத்தது.

அன்று சாப்பிடும்போதே டீச்சருக்கு வழி தெரிந்துவிட்டது. பெட்டிக்கு என்ன பிடிக்கிறதோ அதைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை ஐந்தாம் வகுப்புக்குப் புதுப் பயிற்சி. மழைப் பாட்டிலிருந்து மெட்டை எடுத்துவிட்டார். பிறகு தாளத்தை எடுத்தார். குதிப்பை எடுத்தார். மிஞ்சியதை எல்லோரும் ஒரே குரலில், ஏறாமல் இறங்காமல், ரேஷன் வரிசை நகர்கிற வேகத்தில் சொன்னார்கள்.

"குடையை... வீசு... குதிச்சு... ஓடு..."

நாற்பது. நாற்பத்தெட்டு. ஐம்பத்தாறு. கடைசி பெஞ்ச் கொட்டாவி விட்டது. ஆனால் மதிப்பெண் ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு குரல் மட்டும் அடங்காமல் துள்ளிவிட்டது. உடனே பன்னிரண்டுக்குச் சரிந்தது.

எல்லோரும் மூன்றாம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், நான் வேணும்னு பண்ணல. அதுவா வருது," என்றாள் சைரன்.

டீச்சர் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தார். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் கண்ணு. நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

"சத்தமே வேணாமா டீச்சர்?"

"வேணாம்."

சைரன் தலையாட்டினாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிப்பதற்கு ஒன்றுமில்லாத பலகையைக் கொஞ்ச நேரம் அழித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வந்தார். முன்வரிசையில் நடுநாயகமாக நாற்காலி. ஒரு பக்கம் தலைமையாசிரியை, மடியில் காலஅட்டவணையும் சிவப்புப் பேனாவும். இன்னொரு பக்கம் பின்னம் சார், மப்ளரோடு.

"ஆரம்பிங்க," என்றார் அதிகாரி.

"குடையை... வீசு... குதிச்சு... ஓடு..."

முப்பது. நாற்பத்தைந்து. ஐம்பத்திரண்டு. அதிகாரி தலையைப் பின்னால் சாய்த்தார். ஐம்பத்தேழு. அவர் கையிலிருந்த கோப்பு மெதுவாகத் தரையில் இறங்கியது. ஐம்பத்தொன்பது. இன்னும் ஒன்றே ஒன்று.

அப்போதுதான் டீச்சரின் கண் மூன்றாம் பெஞ்சுக்குப் போனது. சைரன் சொன்ன சொல் தவறாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தொட்டி மீன் மாதிரி. வகுப்பிலேயே மழைப் பாட்டை முதலில் கற்றுக்கொண்டவள் அவள்.

"நிறுத்துங்க," என்றார் டீச்சர்.

வகுப்பு நின்றது. தலைமையாசிரியையின் மூச்சும் நின்றது.

"இதுக்குப் பேர் பாட்டு இல்ல. பீரியட் போனாப் போகட்டும், கடைசியா ஒரு தடவை ஒழுங்காப் பாடிட்டுப் போவோம். கண்ணு, நீ எடு."

"சத்தமாவா டீச்சர்?"

"உன்னால முடிஞ்ச மட்டும்."

சைரன் எடுத்தாள். மூன்று நாளாக அடைத்து வைத்த பாட்டு. முப்பத்தைந்து குரலும் பின்னாலேயே ஓடிப் பிடித்தன. மெட்டு திரும்பி வந்தது, தாளம் வந்தது, குதிப்பு வந்தது. பெஞ்சுகள் தரையைவிட்டு அரை அங்குலம் எழும்பின. சுவரிலிருந்த உலக வரைபடம் ஆணியில் ஆடியது. வராந்தாவில் போன பியூன் தண்ணீர்க் குடத்தைத் தாளத்துக்கு இறக்கி வைத்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம், வாத்தியார் இல்லாத கணக்கு வகுப்பு முழுவதும் சேர்ந்து பாடத் தொடங்கியது. அதிகாரி விருட்டென்று நிமிர்ந்தார். அவர் ஷூ தட்டிய வேகத்தில் ஒரு லேஸ் அவிழ்ந்துபோனது.

பெட்டி சிவந்து அலறியது. அந்த அலறலையும் பிள்ளைகள் தாளத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

"இன்னொரு தடவை!" என்றார் அதிகாரி. இன்னொரு தடவை நடந்தது. டீச்சரும் சேர்ந்து பாடினார். பதினான்கு வருடத்தில் அந்த அறை அப்படி ஒரு பாட்டைக் கேட்டதில்லை.

கைதட்டல் அடங்கியதும் பின்னம் சார் தொண்டையைச் செருமினார்.

"ரொம்ப சந்தோஷம். ஆனா மதிப்பெண்ணையும் ஐயா பாத்துட்டா நல்லது. பூஜ்யம்."

அதிகாரி திரையைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. "அப்படியா? எனக்கு நல்லாத்தானே இருந்துச்சு..."

"நமக்கு என்ன சார் தெரியும்? கருவிக்குத்தானே தெரியும். எப்படி வாங்கணும்னு நான் காட்டட்டுமா?"

மப்ளரை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பெட்டியின் முன் நின்றார்.

"மூணுல ரெண்டு பங்கும்... ஆறுல நாலு பங்கும்... ஒண்ணுதான்..."

ஐம்பது. எழுபத்தைந்து. தொண்ணூறு. அதிகாரி மெய்மறந்து கண்ணை மூடினார். முன் பெஞ்ச் பிள்ளைகள் ரசனை மிகுந்து கன்னத்தை மேசையில் வைத்தார்கள். புறா தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது. தொண்ணூற்றெட்டு. பொம்மை முகத்தின் இமை அசையவே இல்லை.

தலைமையாசிரியை டீச்சரைப் பார்க்காமல், காலஅட்டவணையை விரித்து, 'பாட்டு' என்ற இடத்தில் சிவப்புப் பேனாவை வைத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு டெலிவரிக்காரர் இரைக்க இரைக்க உள்ளே வந்தார். கையில் இன்னொரு அட்டைப்பெட்டி. திரையைப் பார்த்தார், நாற்காலியில் சாய்ந்திருந்த அதிகாரியைப் பார்த்தார், சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க மேடம், பெட்டி மாறிப்போச்சு, பாட்டுப் பெட்டி இதுதான், அது பிரசவ ஆஸ்பத்திரியோடது, எந்தக் குரலுக்குக் கைக்குழந்தை சீக்கிரம் தூங்கும்னு பாக்கிறது, பூஜ்யம் வந்தா தூங்குற பிள்ளையும் எந்திரிச்சு ஆடும்னு அர்த்தம்... அது சரி, தாலாட்டுப் பாடுற நர்சம்மாவே எழுபதைத் தாண்டினதில்ல, இந்தத் தொண்ணூத்தெட்டை வாங்கின புண்ணியவான் யாருங்க?"