இரண்டை எட்டாக்கும் திருத்தம்

மனித குலம் நெருப்பையும் வண்டிச் சில்லையும் கண்டுபிடித்த பிறகு செய்த மூன்றாவது பெருஞ்செயல், திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு மேல்மாடியில் நடந்தது. அங்கேதான் 'கடற்கருவி மென்பொருள் சபை', மீன்பிடி வள்ளங்களிலிருந்து ஆபத்துச் செய்தி அனுப்பும் அபாயப் பெட்டிகளுக்கான 'கடலரசன்' என்னும் இயங்குதளத்தை உருவாக்கியது. உருவாக்கியது என்றால், உலகெங்கும் முகம் தெரியாத பலர் எழுதி இலவசமாக விட்டிருந்த நிரலை இறக்கி, அதற்குப் பெயர் வைத்தது. பெயர் வைக்க மட்டும் ஏழு கூட்டங்கள் நடந்தன.

சபையில் பதினொரு பேர். நிரல் எழுதத் தெரிந்தவள் கஜந்தி ஒருத்தி. ஆகவே அவளுக்கு வாக்குரிமை இல்லை.

நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்னும் 'திறந்த மூலம்' என்ற கொள்கையைச் சபைத் தலைவர் கனகரத்தினம் போல உள்ளன்போடு கடைப்பிடித்தவர் பூமியில் இல்லை. காணிப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். முழு நிரலையும் அச்சிட்டு, நாற்பத்திரண்டு கோப்புகளில் கட்டி, பொதுமக்கள் பார்வைக்கு மண்டபத்தில் வைத்தார். ஒன்பது மணி முதல் மூன்று மணி வரை மூலம் திறந்திருக்கும். ஒரு வரியை மாற்றுவதானாலும் அறிவித்தல் பலகையில் ஒட்டி, பதினான்கு நாள் ஆட்சேபணை கோர வேண்டும். கஜந்திக்கு இது முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை குச்சவெளியிலிருந்து மீனவர் ஸஹாப்தீன் தன் வள்ளத்தின் அபாயப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

"கரையில நிண்டு சிவப்புப் பொத்தான அழுத்திப் பார்த்தனான் மிஸ். அழுத்தினோடன அணைஞ்சு, திரும்ப முதல்ல இருந்து தொடங்குது. கடல்ல இப்பிடிச் செஞ்சா நான் என்ன செய்யிற?"

பத்து நிமிடத்தில் கஜந்தி பிழையைப் பிடித்துவிட்டாள். பெட்டி இரண்டு வினாடி பேசாமல் இருந்தால், தூங்கிவிட்டது என்று எண்ணி அதை அணைத்து எழுப்பும் காவல் ஒன்று நிரலுக்குள் இருந்தது. அபாயச் செய்தியை அனுப்பும் பாகம் தயாராகவோ ஐந்து வினாடி வேண்டும். இரண்டை எட்டாக்கினால் போதும். திருத்தத்தை அச்சிட்டுப் பலகையில் ஒட்டினாள். நாற்பது வள்ளங்களில் இதே பெட்டிதான் இருந்தது.

ஸஹாப்தீன் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். மற்றவர்கள் வேறு வழியில்லாமல் கடலுக்குப் போய் வந்தார்கள்.

பதின்மூன்றாம் நாள் ஆட்சேபணை ஒன்று வந்தது. எழுதியவர் சபை உறுப்பினர் பாக்கியரத்தினம், எண்சோதிடத்தில் 'நிபுணர்'.

"எட்டு சனியின்ட எண், பிள்ளை. கடலுக்குப் போற சாமானில அதை வைக்க ஏலாது," என்றார் கூட்டத்தில்.

"அப்ப ஒன்பது போடுறன் சேர். அதுவும் வேலை செய்யும்."

"ஒன்பது செவ்வாய். வீரம். நல்லது."

சபை மேசையைத் தட்டி மகிழ்ந்தது. தலைவர் மட்டும் கையை உயர்த்தினார்.

"ஒன்பது எண்டால் அது புதுத் திருத்தம். புதுசா ஒட்ட வேணும். பதினாலு நாள்."

"அதுக்கிடையில ஆராவது ஆபத்தில அழுத்தினால், சேர்?"

"அவையும் ஆட்சேபிக்கலாம். இது திறந்த மூலம். எல்லாருக்கும் உரிமை இருக்கு."

அன்று பின்னேரமே கஜந்தி குச்சவெளி பஸ் ஏறினாள். ஸஹாப்தீன் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, பெட்டிக்குள் ஒன்பதை வைத்தாள். மற்றப் பெட்டிகளுக்கும் ஒவ்வொன்றாகப் போவதாக எண்ணம்.

"ஸஹாப்தீன் நானா, இதை ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ."

"ஓம் மிஸ். நான் ஏன் சொல்றன்?"

மூன்றாம் நாள் அவருடைய வள்ளத்தின் இயந்திரம் கடலில் நின்றுபோனது. பொத்தானை அழுத்தினார். செய்தி போனது, இன்னொரு வள்ளம் வந்து கட்டி இழுத்தது. உயிர் பிழைத்த மனிதருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நேரே சபைக்கு வந்து பதினொரு பேரின் கையையும் பிடித்து, ஒன்பது வைத்த புண்ணியத்துக்கு நன்றி சொன்னார்.

விசாரணை அன்றே தொடங்கியது. குற்றச்சாட்டு: 'ஆட்சேபணைக் காலம் முடியுமுன் ஓர் உயிர் காப்பாற்றப்பட்டமை'. ஸஹாப்தீன் சாட்சிக் கதிரையில் இருத்தப்பட்டார். பெட்டியில் பழைய இரண்டை உடனே வைக்கும்படி கஜந்திக்குக் கட்டளை பிறந்தது.

"மற்ற முப்பத்தொன்பது பெட்டியும் ஆபத்துக்கு உதவாது சேர்." கஜந்தி கோபத்தோடு கத்தினாள்.

தலைவர் சாந்தமாகக் கோப்பைப் புரட்டினார்.

"பெட்டி குடுத்து ஒன்றரை வருஷம். கடலில பொத்தான் வேலை செய்யேல்லை எண்டு இண்டுவரை ஒருத்தரும் வந்து முறைப்பாடு தரேல்லை."

சபை மேசையைத் தட்டியது. ஸஹாப்தீன் கதிரையை விட்டு மெதுவாக எழுந்தார்.

"நம்மட றுவைஸும் இந்தப் பெட்டியோடதான் மாசி மாசம் கடலுக்குப் போனவன், இன்னும் வரல்ல சேர். வந்தோடன எழுதித் தரச் சொல்றன்."