கொத்தமல்லி மாப்பிள்ளை

என் மூக்கை நம்பித்தான் எனக்கு வேலை கொடுத்தார்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் நான் உதவி டீமேக்கர். அரைத்த கொழுந்தை ஒரு பிடி அள்ளி முகர்ந்து, 'போதும், அடுப்புக்கு அனுப்பு' என்று சொல்வதுதான் உத்தியோகம். அதே மூக்கை நம்பி ஒரு குடும்பம் பெண் கொடுக்க இருந்தபோது, அது என் காலை வாரிவிட்டது.

கொரோனா முதல் தடவை வந்தபோது நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். இருமினேன், படுத்தேன், எழுந்தேன். தலவாக்கலையில் பெண் பார்க்கக் குறித்திருந்த நாள் மட்டும் தள்ளிப்போனது. குணமானதும், அம்மை போட்டவனுக்குச் செய்வது போலவே, அம்மா வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து என் தலையில் ஊற்றினாள்.

"தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. ஆத்தா ஒரு தடவ வந்துட்டுப் போனா மறுபடி வரமாட்டா," என்று லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள்.

நான் உயர்தரப் பரீட்சையான ஏ.எல். வரை விஞ்ஞானம் படித்தவன். (பாஸானேனா என்று கேட்காதீர்கள்.) அம்மை வேறு, கொரோனா வேறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தண்ணீர் ஊற்றிய மறுநாளிலிருந்து நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். யாராவது தும்மினால் மற்றவர்கள் ஓடுவார்கள். நான் கிட்டே போய் நலம் விசாரிப்பேன்.

சில மாதம் கழித்து மறுபடி நாள் குறித்தார்கள். அன்று காலையில் எழுந்தால் தொண்டையில் கரகரப்பு. "பனிதாம்மா," என்றேன். இன்னொரு தடவை தள்ளிப்போட்டால் 'ராசியில்லாத மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்துவிடும். அதைவிட, போட்டோவில் பார்த்த அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தண்ணீர் ஊற்றிய தலை என்ற தைரியத்தில் ஆட்டோவில் ஏறினேன்.

பெண்ணின் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூச்சிழுப்பு நோய்க்காரர் என்பதால் ஜன்னலோரமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தார். டீமேக்கருக்குப் பால் ஊற்றிக் கொடுப்பது மரியாதையில்லை என்று வெறும் சாயத் தேநீராகவே போடச் சொல்லியிருந்தார். பெண் சுமதி தட்டோடு வந்தாள். முகத்தைப் பார்த்துக்கொண்டே கைக்கு அகப்பட்ட கோப்பையை எடுத்தேன்.

"எங்க தோட்டத்துத் தேயிலை. குடிச்சிட்டு எப்படியிருக்குன்னு சொல்லுங்க தம்பி," என்றார் அப்பா.

மாஸ்க்கை இறக்கி, தொழில்முறைப்படி சர்ரென்று சத்தமாக உறிஞ்சினேன். சூடாக இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. புத்தியுள்ளவன் அப்போதே வெளியே ஓடியிருப்பான். நான் கண்ணை மூடிக்கொண்டு பேசினேன்.

"பிரமாதங்க! நாலாயிரம் அடிக்கு மேல பறிச்ச கொழுந்து. பக்குவமா பழுக்க வச்சிருக்காங்க. கடைசியில லேசா ரோஜாப்பூ வாசம் வருது, கவனிச்சீங்களா?"

கண்ணைத் திறந்தபோது சுமதி என் கோப்பைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அப்பாவுக்குப் போட்ட கொத்தமல்லித் தண்ணிங்க. இஞ்சி வேற தட்டிப் போட்டிருக்கு. கோப்பை மாறிப்போச்சு."

அவளுடைய சித்தி சிரிக்க வாயெடுத்தார். அதற்குள் சுமதிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வாசமே தெரியலையா உங்களுக்கு? அப்பா, எந்திரிங்க! வெளியே போங்க!"

பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா வீட்டைவிட்டு ஓடியது என் விஷயத்தில்தான் நடந்திருக்கும்.

பரிசோதனையில் உறுதியானது. முதல் தடவை வந்த அதே சுகாதாரப் பரிசோதகர்தான் மறுபடியும் வந்தார். என்னைப் பார்த்ததும், "ஆயெத்?" என்றார். மறுபடியுமா என்று சிங்களத்தில் அர்த்தம். "தண்ணியெல்லாம் ஊத்தினேனுங்களே ஐயா!" என்று அம்மா ஆத்தாவின் மேலேயே புகார் கொடுத்தாள்.

தலவாக்கலை வீட்டையும் பதினான்கு நாள் அடைத்துவிட்டார்கள். அந்த நாட்களில் நான் நிஜமாகவே பயந்துபோனேன். இழுப்புக்காரருக்கு என்னால் ஏதாவது ஆகிவிட்டால் எந்த முகத்தோடு நடமாடுவேன்? சம்பந்தம் போனால் போகட்டும், அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது முருகா என்று வேண்டிக்கொண்டேன். தினமும் போன் செய்தேன். சுமதிதான் எடுப்பாள். முதல் நாள், "நல்லா இருக்காரு," என்று வைத்துவிட்டாள். நான்காம் நாள் வைக்காமல் திட்டினாள். ஒன்பதாம் நாள், திட்டி முடித்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு ருசித்த மாதிரிகூட இருந்தது.

அந்த வீட்டில் யாருக்கும் தொற்றவில்லை. கடைசி நாள் அவரே போனை வாங்கினார்.

"தம்பி, எம்மக பதினாலு நாளா ஒரே ஆள விடாம திட்டிக்கிட்டு இருக்கா. இவ்வளவு அக்கறையா அவ என்னைக்கூடத் திட்டினதில்ல. நாள் குறிச்சிரலாமா?"

சுமதியின் தோட்டத்தில் இன்றுவரை என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கொத்தமல்லி மாப்பிள்ளை என்றால் சின்னப் பிள்ளையும் வழிகாட்டும். போன மாதம் கொழும்பு ஏலத்தில் நான் பக்குவம் பார்த்த தேயிலை விலையில் முதலாவதாக வந்தது. பெருமை தாங்காமல் மாமாவுக்குப் போன் போட்டேன். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார்.

"ரொம்பச் சந்தோஷம் மாப்பிள்ளை," என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அனுப்பினது தேயிலைதானே?"