வளரத் தடை

தோட்டக் கழகத்தின் நோக்கம் செடி வளர்ப்பது என்று வெளியார் சிலர் எண்ணிக்கொண்டிருந்தனர். உண்மையில், செடி வளர்ப்பதை ஒழுங்குபடுத்துவதே அதன் நோக்கம். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு பாத்தி. பாத்திகளுக்கு நடுவே கயிறு. கயிற்றைத் தாண்டக் கூடாதென்று விதி. அந்த விதியை அறியாதது தையலம்மாவின் பூசணிக்கொடி ஒன்றுதான்.

ஊருக்கெல்லாம் துணி தைத்துக் கொடுக்கும் தையலம்மாவுக்கு, கழகக் கண்காட்சியில் ஒரு தடவையாவது பரிசு வாங்கிவிட வேண்டும். வைத்ததெல்லாம் பட்டுப்போய், இந்த ஆண்டுதான் கொடி பிடித்தது. பிடித்த வேகத்தில் கயிற்றைத் தாண்டித் தலைவரின் பாத்தியில் பிஞ்சு விட்டது.

"வேர் என்னோடது, காயும் என்னோடது," என்றாள் தையலம்மா.

"படுத்திருக்கிறது என் மண்ணுலம்மா," என்றார் தலைவர்.

"உங்க வீட்டுல வந்து படுத்த விருந்தாளி உங்க பிள்ளையாயிடுவாரா, ஐயா?"

விவகாரம் செயற்குழுவுக்குப் போயிற்று. உரிமை தீர்மானிக்கப்படும் வரை மேற்படி காய் இன்றுள்ள நிலையிலேயே நீடிக்க வேண்டும் என்று குழு ஆணையிட்டது. அந்த நிலையைக் குறித்துக்கொள்ள, தையலம்மாவின் கழுத்தில் கிடந்த டேப்பையே செயலாளர் இரவல் வாங்கினார்.

அடுத்த வாரம் காய் பருத்திருந்தது.

"என்னம்மா இது? தடை இருக்கும்போதே வளர்ந்திருக்கே!"

"மழை பெஞ்சுது சார்."

"மழையை நாங்க பார்த்துக்கறோம். காய் ஏன் வளர்ந்துச்சு?"

"அதுக்கு வேற வேலை தெரியாது சார்."

வேறு வேலை தெரியாமை ஏற்கத்தக்க காரணமன்று என ஒருமனதாக முடிவாயிற்று. காய் மேலும் கீழ்ப்படியாமல் நடக்காதிருக்க, கழகத்தின் புகார்ப்பெட்டிக்குள் அதை இட்டு, காம்பை மட்டும் வெளியே விட்டுப் பூட்டினார்கள். அதுவரை அப்பெட்டி எதற்கும் பயன்பட்டதாகத் தகவல் இல்லை.

தையலம்மா நாள்தோறும் வேருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். பதில் இல்லை. குழந்தையை விடுதியில் விட்டவள்போல் வீடு திரும்பினாள்.

கண்காட்சியன்று தீர்ப்புக்காகப் பெட்டியைத் திறந்தார்கள். பூசணி நான்கு மூலையும் நிரம்பி, செங்கல்போல் சதுரமாக உட்கார்ந்திருந்தது.

"அடேயப்பா, கட்டமா பூசணி! என்ன ஸ்டைலு!" என்று கூட்டம் முண்டியடித்தது.

"இதை வளர்த்தது யாரு?" என்றார் நடுவர்.

தையலம்மா வாயைத் திறப்பதற்குள் செயலாளர் முந்திக்கொண்டார். "செயற்குழுதாங்க. ஆணை நம்பரே இருக்கு."

முதற்பரிசு செயற்குழுவுக்குப் போயிற்று. காய் கழகச் சொத்தாயிற்று. தையலம்மாவுக்கு, ஒத்துழைத்தமைக்கு நன்றியும் பெட்டியைக் கழுவித் தரும் பொறுப்பும் கிடைத்தன.

அதோடு உருண்டைக் காய்க்கு மதிப்புப் போயிற்று. தடை பெற்ற காய்களுக்கு மட்டுமே இனிப் போட்டியில் இடம் என அறிவிப்பு ஒட்டினார்கள். தடைக்குத் தகராறு வேண்டும். தகராறுக்கு எல்லை மீறல் வேண்டும்.

மறு பருவத்தில் அந்தப் பாழாய்ப்போன பூசணி மீண்டும் பிஞ்சு விட்டது, அவளுடைய பாத்திக்குள்ளேயே! 'பரிசு இந்தத் தடவையும் போச்சா?' தையலம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கொடியைத் தூக்கிக் கயிற்றுக்கு அப்பால் போடக் காலெடுத்து வைத்தாள்.

"ஐயோ, பார்த்தும்மா! என் சுரைப்பிஞ்சை மிதிச்சிடாதீங்க!" தலைவர் ஓடி வந்தார். அவருடைய கொடி கயிற்றைத் தாண்டி வந்து அவள் பாத்தியில், அவள் காலடியில் கிடந்தது. "பெரிய மனசு பண்ணி என்மேல ஒரு புகார் குடுங்க. நானும் உங்கமேல குடுத்துடறேன்."

தையலம்மா நிமிர்ந்து தோட்டத்தைப் பார்த்தாள். வேறு எந்தப் பாத்தியிலும் அந்தப் பாத்திக்காரரின் கொடி இல்லை.