தலைதட்டி ஒரு கரண்டி

சிவமயம்

கரவெட்டி,
16.09.1992

அன்புள்ள மருமகன் பஞ்சலிங்கம் அவர்களுக்கு,

மாமா ஆழ்வாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே நானும், மகள் அருந்ததியும், உங்கள் பெண்குழந்தையும், எங்களுக்கு உதவியாக வந்திருக்கும் என் தங்கை நாகேஸ்வரியும் நலம். கொழும்பில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். நலம் என்பதை இந்த வீட்டில் இப்போது கிராம் கணக்கில்தான் சொல்வதால் விபரமாக எழுதுகிறேன்.

பிள்ளை ஆறு கிழமை முந்திப் பிறந்ததும், மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு கிலோ எண்ணூறு கிராமில் வீட்டுக்கு வந்ததும் நீங்கள் அறிந்தது. அறியாதது டொக்டர் போட்ட நிபந்தனை. இரண்டு கிழமையில் பிள்ளை இரண்டு கிலோவைத் தொட வேண்டும், தொடாவிட்டால் திரும்பவும் வார்ட்டுக்குப் போக வேண்டும். அந்த வார்ட்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு தாய்மார். பிள்ளைக்கு உறிஞ்சிக் குடிக்கப் பலம் போதாது. ஆகவே தாய் கையால் எடுத்த பாலில், ஆஸ்பத்திரியில் ரின்னில் தந்த பால்மாவை அளந்து கலந்து, சின்னக் கரண்டியால் பருக்க வேண்டும். தாய்ப்பாலில் குறை ஒன்றுமில்லை, அவசரப்பட்டு வந்த பிள்ளைக்குச் சத்து கொஞ்சம் கூடத் தேவையாம்.

நேர்ஸ் ஸ்ரெல்லா சைக்கிளில் வந்து விதிகளைச் சொன்னார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், கோப்பையும் கரண்டியும் பத்து நிமிடம் கொதிக்க வேண்டும், பாலை மட்டும் கொதிக்க வைக்கவே கூடாது, சுடுதண்ணீரில் கோப்பையை இறக்கி இளஞ்சூடாக்கினால் போதும், கோப்பையில் கீறிய கோடுவரை பாலுக்கு ரின்னுக்குள் இருக்கும் கரண்டியால், கத்தியால் தட்டி மட்டமாக ஒரு கரண்டி மா, கலந்ததை உடனே பருக்க வேண்டும், மிஞ்சியதை வைத்திருக்காமல் ஊற்ற வேண்டும். "வீட்டிலை பிரிட்ஜ் இருக்கோ?" என்று கேட்டார். "ஓம், இருக்கு" என்றேன். "வேலை செய்யுதோ?" என்றார். "கரண்ட் நிண்டு ரெண்டு வருசம். அதுக்குள்ளை உளுந்து வைச்சிருக்கிறம்" என்றேன். அப்படியானால் ஒவ்வொரு தடவையும் புதிதாகவே கலக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பத்தெட்டு வருடம் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பால், எட்டுக்கும் நேரஅட்டவணை எழுதிக் குசினிச் சுவரில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பகல் ஐந்துக்கும் நாகேஸ்வரி பொறுப்பு, மிச்சம் மூன்றுக்கும் நான். கை கழுவி, கோப்பை கொதித்து முடிந்தபிறகு "லைன் கிளியர்" என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னால்தான் மா ரின்னைத் திறக்கலாம். ரயில் ஓடாத ஊரில் அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் முதல் நாளே நாகேஸ்வரி கையைக் கழுவி, சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டு "லைன் கிளியர்" என்றாள். சிக்னலைத் திரும்பவும் சிவப்பாக்கினேன். "உதென்ன கதை அண்ணை? இது கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போய்வந்த சீலை" என்றாள். கோயிலுக்குப் போனாலும் சீலை சீலைதான் என்று, தட்டுப்பாட்டில் அருமையாகக் கிடைத்த சவர்க்காரத்தில் இன்னொரு முறை கழுவினோம். அடுத்த நாள், வீட்டுக்கு வரும் எந்தப் பாலையும் காய்ச்சாமல் விட்டறியாத அவள், அருந்ததி ஒரு மணித்தியாலம் பாடுபட்டு எடுத்த பாலைச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பார்க்கையில் அது பொங்கிக்கொண்டிருந்தது. அருந்ததி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். பாலை மல்லிகையடியில் ஊற்றினோம். மல்லிகை நன்றாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் ஸ்ரெல்லா தராசோடு வந்து நிறுத்தார். ஒரு கிலோ எழுநூற்றுத் தொண்ணூறு. கூடவில்லை, பத்துக் கிராம் குறைந்திருந்தது. பிள்ளையின் வயிறு பறை மாதிரி இறுகி, மூன்று நாளாக வெளிக்குப் போகாமல், அழவும் தெம்பில்லாமல் முனகியது. நான் விசாரணையை ஆரம்பித்தேன். கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகித்தேன், ரின்னின் திகதியைப் பார்த்தேன், கடைசியில் எல்லோருக்கும் முன்னால் நாகேஸ்வரியை மா அளக்கச் சொன்னேன். கரண்டியில் மா கோபுரம் மாதிரி நின்றது.

"இந்தக் கையாலை ஆருக்கும் தலைதட்டி அளந்ததில்லை அண்ணை. நெல்லு வாங்க வந்த சனத்துக்கே கும்பி கட்டி, குவிச்சுத்தான் குடுத்தனான். எங்கடை பிள்ளைக்கோ கத்தியாலை தட்டி விடச் சொல்லுறியள்?"

"அக்கா, மா கூடினால் பிள்ளைக்குச் சமியாது" என்றார் ஸ்ரெல்லா. "வயிறு கட்டும், சிறுநீரகத்துக்கும் பாரம். மட்டம் எண்டால் மட்டம்தான். கும்பி கட்ட ஆசையெண்டால் தாயின்ரை சோத்துக்கோப்பையிலை கட்டுங்கோ."

அன்றே டொக்டரிடம் காட்டினோம். ஒரு நாள் வெறும் தாய்ப்பால், பிறகு மட்டக் கரண்டி என்றார். வயிறு இளகியது. நாகேஸ்வரி கத்தியின் முதுகால் மாவைத் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பிறகு அருந்ததியின் கோப்பையில் சோற்றைக் குவிப்பாள். நேற்றைய நிறை ஒரு கிலோ தொள்ளாயிரத்துப் பத்து. விசாரணையின் முடிவு: தவறு முழுவதும் நாகேஸ்வரியுடையது, நிர்வாகத்தில் பிழையில்லை.

ஆகையால் பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்று கிளாலிக் கடலேரியில் நேவியின் வெடிக்குள் வள்ளமேறி உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். இங்கே எல்லாம் அட்டவணைப்படி நடக்கிறது, அதற்கு நான் உத்தரவாதம். கொழும்புக்கு வரும் கந்தப்புவின் கையில் இதைத் தந்துவிடுகிறேன். வல்லிபுர ஆழ்வார் உங்களுக்கு ஒரு குறையும் வையாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் பட்சம் மறவாத மாமா,
வ. ஆழ்வாப்பிள்ளை

பி.கு: வள்ளம் ஓடாதபடியால் கந்தப்பு இன்னும் புறப்படவில்லை. இன்று கிளினிக்கில் பிள்ளை இரண்டு கிலோ இருபது கிராம். வார்ட் தேவையில்லை. டொக்டர் என் தோளில் தட்டி, நிர்வாகம் நல்லதென்றார். அதுதான் பொறுக்க முடியவில்லை. மருமகன், அந்த முதல் ஐந்து நாளும் என்னுடைய மூன்று தடவையும் நானும் கும்பி கட்டித்தான் போட்டேன். தட்டிவிடக் கத்தியை எடுப்பேன், பிள்ளையின் காலைப் பார்ப்பேன், என் பெருவிரல் தடிப்புத்தான் இருந்தது, கத்தியை வைத்துவிடுவேன். பிள்ளைக்கு வயிற்று வருத்தம் வந்ததும் பயந்துபோய்ப் பழியைத் தங்கச்சி தலையில் போட்டேன். மேலே தந்த உத்தரவாதத்தை வெட்டிவிடவும். மத்தியானம் நாகேஸ்வரியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவள் அருந்ததிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. நான் கும்பி கட்டிப் போட்டதுக்கும் மிஞ்சி ரின்னிலை மா குறைஞ்சது. நேர்ஸுக்கு முன்னாலை நீங்கள் தலைகுனிஞ்சு நிக்கிறதைப் பாக்க எனக்கு ஏலாது, அதுதான் பேசாமல் இருந்தனான்."