எட்டு டிராயரும் ஒரு முகூர்த்தப் புடவையும்

தன் வேலையைத் தானே தடவிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கு" என்று சொல்லும் தச்சனை நம்பாதீர்கள். அவன் பொய் சொல்லவில்லை. உள்ளங்கை காய்த்துப் போனவனுக்கு முள்வேலியும் கண்ணாடிதான். (அனுபவத்தில் சொல்கிறேன்.)

எட்டாவதோடு பள்ளியை விட்டு ஓசூர், பூனா, சூரத் என்று சுற்றினேன். பட்டறையில் மரத்தூள்மேல் படுத்தேன். குளிருக்கு நன்றாகவே இருக்கும். இரண்டாயிரத்துக்குப் பிறகு காஞ்சிபுரத்தில் வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு மாற்றுச் சட்டையும் ஒரு ரவுட்டர் மெஷினும் இருந்தன. மரத்தைக் குடைந்து பள்ளம் எடுக்கிற மெஷின் அது. ஊரிலேயே அதை வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று நம்பினேன். (யாரையும் விசாரிக்கவில்லை.)

பிள்ளையார்பாளையத்தில் சேகர் என்ற நெசவாளர் வீட்டில் புடவை வைக்க ஒரு டிராயர் அலமாரி கேட்டார்கள். அவர் மனைவி கஸ்தூரி அக்கா ஒரே நிபந்தனை போட்டார்.

"கைப்பிடி எதுவும் துருத்திக்கினு இருக்கக் கூடாதுப்பா. புடவை மாட்டிக்கும்."

"கைப்பிடியே வேணாம்க்கா. பலகையிலயே விரல் நுழையற மாதிரி குடைஞ்சிடறேன்."

பிளைவுட்டில் அரைநிலா வடிவத்தில் ஓர் அச்சு வெட்டினேன். அதை எட்டு தேக்குப் பலகைகளிலும் வரிசையாகப் பொருத்தி ரவுட்டரை ஓட்டினேன். எட்டுப் பள்ளமும் ஒரே அளவு, ஒரே வளைவு. பக்கத்து வீட்டுத் தறிகளை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்து பார்த்தார்கள். (சத்தம் தாங்காமல் வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.) அளவில் குறை கிடையாது, இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

அலமாரி நின்றதும் அக்கா ஒரு பிடி கழிவுப் பட்டு இழை எடுத்து வந்தார். அந்த வீட்டில் பட்டு படுகிற எந்த மரத்தையும் இழை ஓட்டிப் பார்த்துத்தான் ஏற்பார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வேஸ்ட்டு நூல் எதுக்குக்கா? நல்ல புடவையாவே ஓட்டிக் காட்டறேன்."

"வேணாம்பா."

"ஒண்ணும் ஆவாதுக்கா!"

பாயில் மடித்து வைத்திருந்த அரக்குப் புடவையை நானே எடுத்தேன். ஒரு மடிப்பைப் பிரித்துப் பள்ளத்தின்மேல் வைத்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன். அப்போது நின்றது. நான் இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

பள்ளத்தின் மூலையில் தலைமுடி அளவு மரச் சிலாம்பு ஒன்று நின்றிருக்கிறது. அதில் ஓர் இழை மாட்டி, துணியில் ஒரு முழத்துக்குக் கோடு விழுந்துவிட்டது.

சேகர் மெதுவாகச் சொன்னார். "அது எங்க மல்லிகா முகூர்த்தப் புடவை."

மல்லிகா, கஸ்தூரி அக்காவின் தங்கை. ஊருக்கெல்லாம் நெய்கிறவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கென்று நெய்த முதல் புடவை. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள்.

"ஏம்பா, ஊர் ஊரா சுத்தினியே, எந்த ஊர்லயும் உப்புத்தாள் விக்கலையா?" என்றார் அக்கா. கேட்கும்போதே அழுதார்.

சேகர் புடவையை விரித்து, ஊசி முனையால் அந்த இழையை அரை அங்குலம் அரை அங்குலமாக நெசவுக்குள் திருப்பித் தள்ளினார். மூன்று மணி நேரம். மறுமுனையை விறைப்பாகப் பிடிப்பது என் வேலை. என் விரலும் சிலாம்புதான் என்று கையில் பழைய வேட்டியைச் சுற்றிவிட்டார்கள். மூக்கு அரித்தது. சொறியவில்லை.

கோடு மங்கியது, முழுக்க மறையவில்லை. எல்லோரும் பக்கத்தில் நின்ற மல்லிகாவின் முகத்தைப் பார்த்தோம்.

"கொசுவத்துல போயிடும்க்கா," என்றாள் அவள். "அந்த அண்ணனையும் கல்யாணத்துக்குக் கூப்பிடு, பாவம்."

போனேன். பந்தியில், பட்டுப் புடவை எதுவும் எட்டாத மூலையில் எனக்கு இலை போட்டார்கள்.

எட்டுப் பள்ளத்தையும் பட்டு ஓடுகிறவரை தேய்த்துக் கொடுத்தேன். இன்றுவரை ஓர் இழை மாட்டியதில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எத்தனையோ வீட்டு டிராயர் என் கையால் ஆனது. சுற்றுவதையும் விட்டுவிட்டேன்.

தீபாவளிக்குத் தீபாவளி அக்கா வீட்டில் மல்லிகா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாள்.

"அண்ணா, கோடு தெரியுதா?"

"தெரியலையேம்மா."

உள்ளேயிருந்து அக்கா குரல் வரும். "அவனுக்கு எங்கடி தெரியும்? அன்னிக்கே தெரியலையே!"